புள்ளியில்லாத ஆட்டங்கள்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நான் காவேரிப்பட்டணம். மாங்கூழ் கம்பெனியில் சீசன் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனிக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஆறு பேர் உட்காருவோம். எல்லோரும் கால்பந்து ரசிகர்கள்: நாலு பேர் லிவர்பூல், ஒருவர் மான்செஸ்டர் யுனைடெட், ஒருவர் பெங்களூரு எஃப்.சி. ஜூலையில் எங்களுக்கு மாங்காய் வரத்து இருக்கும், அதே நேரத்தில் டீமுக்கு ப்ரீ-சீசன் கேம்ப், அதாவது லீக்குக்கு முந்தைய பயிற்சியும் பயிற்சி ஆட்டங்களும், தொடங்கிவிடும். அமெரிக்காவில் மாலை ஆட்டம் என்றால் இங்கே விடிகாலை, செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்ப்போம்.

இதில்தான் தினமும் சண்டை. ஒருவர் கேம்ப் வீடியோவைப் பார்த்தே யார் தொப்பையோடு வந்திருக்கிறான், யார் முதலில் ஓடுகிறான் என்று மொத்த சீசனையும் முடிவு செய்துவிடுகிறார். யுனைடெட்காரர், "புள்ளியே இல்லாத ஆட்டத்துக்கு எதற்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்?" என்கிறார். பெங்களூரு நண்பர் எதுவும் பேசுவதில்லை. நீங்கள் கால்பந்து பற்றி எழுதுகிறவர். ப்ரீ-சீசனைப் பார்ப்பதில் அர்த்தம் உண்டா? பார்த்தால் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள தம்பி,

ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, அப்புறமும் ஒரு டீமின் பயிற்சியைப் பற்றிப் பேச ஆறு பேர் உட்காருகிறீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் ஸ்கோரைப் பேசி முடித்துவிடுவோம். ப்ரீ-சீசன் ஸ்கோரை வைத்து எதையும் சொல்ல முடியாது. உங்கள் யுனைடெட் நண்பருக்கு 2014 மறந்திருக்காது. லூயி வான் ஹால் கோச்சாக வந்த வருஷம். அமெரிக்காவில் முதல் ஆட்டத்திலேயே எல்.ஏ. கேலக்ஸியை 7-0. மிச்சிகன் ஸ்டேடியத்தில் ரியல் மாட்ரிட்டை 3-1, அன்றைக்கு வந்த கூட்டம் மட்டும் 1,09,318 பேர். கடைசியில் மயாமியில் லிவர்பூலையும் 3-1 என்று அடித்துக் கோப்பையோடு ஊர் திரும்பினார்கள். ஆகஸ்ட் 16 அன்று லீக்கின் முதல் ஆட்டம், சொந்த மைதானம், எதிரே ஸ்வான்சீ. 1-2 என்று தோற்றார்கள். பத்து நாள் கழித்து லீக் கோப்பையில் மூன்றாம் டிவிஷன் டீமான எம்.கே. டான்ஸிடம் 0-4.

இப்போது லிவர்பூலின் 2019 ப்ரீ-சீசனை எடுங்கள். டார்ட்மண்டிடம் 2-3, செவியாவிடம் 1-2, ஸ்போர்ட்டிங்கோடு 2-2, எடின்பரோவில் நாப்போலியிடம் 0-3. அந்த ஜூலையில் எனக்குத் தெரிந்த லிவர்பூல் ரசிகர்கள் முகத்தில் களையே இல்லை. அதே டீம்தான் அடுத்து லீக்கின் முதல் 27 ஆட்டங்களில் 26ஐ ஜெயித்தது, ஒன்று டிரா. முடிவில் 99 புள்ளி, 30 வருஷத்துக்குப் பிறகு லீக் பட்டம். தோற்ற அந்த ஆட்டங்களில் முன்னணி ஆட்டக்காரர்களான சலாவும் இல்லை, மானேவும் இல்லை. ஃபிர்மினோ, அலிசன் கூட இல்லை. எல்லோரும் கோடையில் அவரவர் நாட்டுக்கு ஆடிவிட்டு விடுமுறையில் இருந்தார்கள். அதனால் ஸ்கோரைப் பார்க்குமுன் அன்றைக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இதில் உடம்பின் கணக்கும் ஒன்று இருக்கிறது. சீசன் முடிந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஓய்வு எடுத்தால் தொழில்முறை ஆட்டக்காரனுக்கும் தம் குறைந்துவிடும். நம் ஊர் மைதானங்களில் விடிகாலையில் போலீஸ் வேலைக்காக ஓடுகிற பையன்களைக் கேளுங்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் ஓடி, அந்த நேரத்துக்குள் வந்தும்விட்டு, வீட்டில் கல்யாணம், அறுவடை என்று ஒரு மாதம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் முதல் சுற்றிலேயே மூச்சு வாங்குகிறது என்பார்கள். கேம்ப் என்பது அந்த இழந்த தம்மைத் திரும்பப் பிடிக்கிற இடம். ஒரே நாளில் இரண்டு செஷன் வைப்பார்கள், ஃப்ரெண்ட்லி என்கிற பயிற்சி ஆட்டம் நடக்கிற நாளன்று காலையிலும் பயிற்சி கொடுக்கிற கோச்சுகள் உண்டு. ஆட்டநேரத்தையும் முதலில் 45 நிமிடம், அப்புறம் 60, அப்புறம் முழு ஆட்டம் என்று படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். அந்தக் கனத்த கால்களோடு ஆடுகிறவனை "ஸ்லோ ஆகிவிட்டான்" என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்வது சரியில்லை, தம்பி. க்ளாப் கோச்சாக இருந்த காலத்தில் லிவர்பூல் கேம்ப்பின் முதல் நாள் லாக்டேட் டெஸ்ட் நடக்கும். வேகத்தைக் கூட்டிக் கூட்டி ஓடவிட்டு, நடுநடுவே ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, எந்த வேகத்தில் உடம்பு களைக்கத் தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். பல வருஷம் அதில் ஜெயித்தது ஜேம்ஸ் மில்னர், முப்பது வயதைத் தாண்டியும். அவர்தான் டீமில் சிறந்த ஆட்டக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. ஓட்டத்தில் முதலாவதாக வந்தால் உடம்பைக் காத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

உங்கள் வீடியோ நண்பர் 2022 ஜூலை சியோல் வீடியோவையும் கட்டாயம் பார்த்திருப்பார். டாட்டன்ஹாம் டீமை அதன் கோச் கோன்டே, ரசிகர்கள் கண்முன்னே, அந்த வெக்கையில், மைதானத்தின் நீளத்துக்கு 42 தடவை ஓடவிட்டார். ஹாரி கேன் வாந்தி எடுத்தார், சோன் தரையில் சரிந்தார். இதுதான் பயிற்சி என்று எல்லோரும் பகிர்ந்தார்கள். அந்த சீசனில் அவர்கள் எட்டாவது இடம், கோன்டே மார்ச்சிலேயே போய்விட்டார். சரி, அப்படியானால் கடுமையான பயிற்சியே தப்பா என்றால் அதுவும் இல்லை. ஜெர்மனியின் வூல்ஃப்ஸ்பர்க் டீமில் கோச் ஃபெலிக்ஸ் மாகாட் பயிற்சி மைதானத்திலேயே ஒரு மேட்டை எழுப்பி, அதில் ஏறி இறங்கவிட்டே 2009இல் ஜெர்மனி லீக்கை ஜெயித்தார். கிருஷ்ணகிரிக்காரர்கள் சையத் பாஷா மலைப் படியில் ஒருமுறை ஓடி ஏறிப் பார்த்தால் அந்த ஆட்டக்காரர்களின் தொடை என்ன பாடு பட்டிருக்கும் என்று தெரியும்.

எனக்கு இதெல்லாம் படித்து மட்டும் தெரிந்ததில்லை. நானே ஒரு கேம்ப்பில் இருந்திருக்கிறேன். கிருஷ்ணகிரி 2004இல்தானே தனி மாவட்டம் ஆனது, அதற்கு முன்பு, எல்லாம் தர்மபுரி மாவட்டமாக ஒன்றாக இருந்தபோது நடந்தது. மாவட்ட ஜூனியர் டீமுக்குத் தர்மபுரியில் பத்து நாள் கேம்ப். ஓசூர், ஊத்தங்கரை, அரூர், பென்னாகரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் முப்பது பையன்கள், அதில் பதினாறு பேருக்குத்தான் இடம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் படுத்துக்கொண்டோம். காலை ஐந்தரைக்கு விசில். ஓடிவிட்டு வந்தால் களி, கீரைக் குழம்பு.

பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவன் முதல் இரண்டு நாள் வெறுங்காலோடு ஆடினான். மூன்றாம் நாள் இன்னொருவன் தன்னிடம் உபரியாக இருந்த பூட்ஸைக் கொடுத்தான். அது ஒரு சைஸ் பெரிது, இவன் முன்பக்கம் பழந்துணியை அடைத்துக்கொண்டு போட்டுக்கொண்டான். அவன் இடது காலில் பந்தை வாங்குவதைப் பார்க்க வேண்டும். உயரத்திலிருந்து வருகிற பந்து எங்கள் காலில் பட்டால் டொப்பென்று சத்தம் வரும், ஒரு கஜம் தள்ளிப் போய் விழும். அவன் காலில் பட்டால் சத்தமே வராது, அங்கேயே உட்கார்ந்துவிடும். ஆனால் ஓட்டத்தில் அவன் எப்போதும் கடைசி. பத்தாம் நாள் பட்டியல் வாசித்தார்கள். அவன் பெயர் வரவில்லை. ஊருக்குப் போகிறவர்களுக்குப் பஸ் காசு கொடுத்தார்கள். அவன் பூட்ஸைக் கழற்றி, உள்ளேயிருந்த துணியை எடுத்து உதறி, பூட்ஸைக் கொடுத்தவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பினான்.

தேர்வான பதினாறு பேரில் நானும் ஒருவன். போட்டிக்குப் போனோம், முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். கிளம்புகிற நாள் காலை வரைக்கும் எங்களை இருபது சுற்று ஓடவிட்டிருந்தார்கள். ஆட்டம் தொடங்கும்போதே தொடை கல் மாதிரி இருந்தது, எதிர் டீம் பையன்கள் எங்களைக் கடந்து போவது கண்ணுக்குத் தெரிந்தும் காலை எடுத்து வைக்க முடியவில்லை. பத்து நாளில் தம் ஏறாது, களைப்புதான் ஏறும். ஆறு வாரத்தில் செய்ய வேண்டியதைப் பத்து நாளில் திணித்தார்கள், கடைசி மூன்று நாளாவது ஓய்வு கொடுத்திருந்தால் கால் லேசாகியிருக்கும், அதையும் செய்யவில்லை. அதைவிட, ஓட்டத்தை மட்டும் பார்த்து அந்தப் பையனை அனுப்பிவிட்டார்களே என்ற வருத்தம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

நீங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு என் பதில் இந்தப் பையனிடம்தான் இருக்கிறது. கேம்ப்பில் ஆளைப் பாருங்கள், தம்பி. லீக் தொடங்கிவிட்டால் நட்சத்திரங்கள் திரும்பி வந்து இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள், ஜூலையில் மட்டும்தான் கதவு கொஞ்சம் திறந்திருக்கும். இரண்டாம் பாதியில் பதினோரு பேரை மாற்றும்போது பெயர் தெரியாத ஒரு பையன் இறங்குகிறானே, அவன் முதல் பந்தை எப்படி வாங்குகிறான் என்று பாருங்கள். பந்தை இழந்ததும் தலையைத் தொங்கப்போடுகிறானா, திரும்பி ஓடுகிறானா? மூத்த ஆட்டக்காரன் அவனிடம் பேசுகிறானா? 2025 ப்ரீ-சீசனில் லிவர்பூலின் ரியோ இங்குமோகா என்கிற 16 வயதுப் பையன் யோகோஹாமாவோடு ஒரு கோல் போட்டான், ஆகஸ்ட் 4 அன்று சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் அத்லெட்டிக் பில்பாவோவோடு ஆட்டம் தொடங்கி இரண்டே நிமிடத்தில் இன்னொன்று. புள்ளியில்லாத ஆட்டங்கள்தான். மூன்று வாரம் கழித்து நியூகாசிலில், லீக்கில், 2-2 என்று நிற்கும்போது கோச் அவனைத்தான் இறக்கினார். 100ஆவது நிமிடத்தில் ஜெயிக்கிற கோல் அவனுடையது. ஜூலையில் பார்த்திருந்தவர்களுக்கு அது அதிர்ஷ்டமாகத் தெரிந்திருக்காது.

அதே ப்ரீ-சீசனின் முதல் ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். 2025 ஜூலை 3 அன்று ஸ்பெயினில் நடந்த கார் விபத்தில் லிவர்பூல் ஆட்டக்காரர் டியோகோ ஜோட்டாவும் அவர் தம்பி ஆந்த்ரே சில்வாவும் இறந்துபோனார்கள். பத்து நாள் கழித்து பிரெஸ்டனில் ஃப்ரெண்ட்லி. நமக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழரை மணி. ஆட்டம் தொடங்குமுன் பிரெஸ்டன் கேப்டன் லிவர்பூல் ரசிகர்கள் இருந்த பக்கம் போய் மலர்வளையம் வைத்தார். கூட்டம் ஜோட்டாவின் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடியது. நூன்யெஸ் கோல் போட்டதும், கோல் போட்டால் ஜோட்டா செய்கிற கொண்டாட்டத்தைச் செய்து காட்டினார். 3-1 என்று லிவர்பூல் ஜெயித்தது, யாருக்கு அது முக்கியம்? கூட இருந்தவனைப் பறிகொடுத்த பிள்ளைகள் திரும்ப மைதானத்தில் கால் வைத்த முதல் நாள் அது, நான் டிவி முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். புள்ளியே இல்லாத ஆட்டத்துக்கு எதற்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று கேட்கும் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். அவருக்கும் புரியும், அவரும் ஒரு டீமை நேசிக்கிறவர்தானே.

பேசாமல் இருக்கிறாரே அந்தப் பெங்களூரு நண்பர், அவருடைய மௌனம் எனக்குப் புரிகிறது. 2025 ஜூலையில் பெங்களூரு ஆடுகிற இந்தியக் கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல்.லையே நிறுத்திவைத்தார்கள். இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடியவிருந்தது, அடுத்து என்ன என்று முடிவாகவில்லை. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் டீமின் சம்பளத்தையே நிறுத்திவைத்தது, என் டீமான சென்னையின் எஃப்.சி.யும் வேலைகளை நிறுத்தியது. லீக் தொடங்கியது 2026 பிப்ரவரியில். லீக் எந்தத் தேதி என்று தெரிந்தால்தான் அங்கிருந்து பின்னோக்கி எண்ணி கேம்ப் வைக்க முடியும். தேதியே இல்லாமல், சம்பளமும் வருமா என்று தெரியாமல், தனியாக உடம்பைத் தயாராக வைத்துக்கொண்டிருந்த அந்த ஆட்டக்காரர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. அவரை நீங்களே பேச வையுங்கள், தம்பி. "உங்கள் டீமில் புதிதாக யார் வந்திருக்கிறார்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.

இன்னொன்று. ஷிஃப்ட் முடிந்து, ஆட்டமும் பார்த்துவிட்டு, அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு ஹைவேயில் ஏறாதீர்கள். சேலம் ரோட்டில் அந்த நேரத்து லாரிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி ஓய்வறையில் ஒரு மணி நேரம் படுத்து எழுந்து போங்கள். ஆட்டத்தை மத்தியானம் வீட்டிலும் பார்க்கலாம். யாராவது ஒரு புதுப் பையன் கண்ணில் பட்டால் எனக்கு எழுதுங்கள், நானும் அவனைப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன், தர்மபுரி