20×30 அங்குலப் பிரிண்ட்: ஃபிலிமா, டிஜிட்டலா?

கேள்வி: அப்பா பயன்படுத்திய 35 எம்எம் ஃபிலிம் கேமராவும், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் டிஜிட்டல் கேமராவும் என்னிடம் இருக்கின்றன. குன்னூர் தேயிலைச் சரிவைப் படமெடுத்து, ஹாலில் 20×30 அங்குலத்தில் மாட்ட ஆசை. ஃபிலிமை எவ்வளவு பெரிதாக்கினாலும் படம் உடையாது என்கிறார் நண்பர். எதில் எடுத்தால் ஷார்ப்பாக வரும்?

பதில்: டிஜிட்டலில் எடுங்கள். இந்த அளவுக்கு, இந்த இரண்டு கேமராவுக்குள், எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஃபிலிமை மனதாரப் பிடித்தவன்தான் நான். இன்றும் மாதம் ஒரு ரோலாவது எடுக்கிறேன். அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நண்பர் சொல்வதில் பாதி சரி. ஃபிலிமில் பிக்சல் கிடையாது, எனவே கட்டம் கட்டமாக உடையாது. ஆனால் படம் உடையாமல் இருந்தால் மட்டும் அதில் விவரம் இருந்துவிடாது. நெகட்டிவின் அகலம் 36 மில்லிமீட்டர். அதை 30 அங்குலமாக இழுத்தால் 21 மடங்கு பெரிதாகிறது. ஃபிலிமில் மணல்போல் தெரியும் புள்ளிகளான கிரெயினும் 21 மடங்கு, ஃபோகஸில் விட்ட மயிரிழைப் பிழையும் 21 மடங்கு, ஷட்டரை அழுத்தும்போது கை ஆடியதும் 21 மடங்கு.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். உங்கள் டிஜிட்டல் கேமரா ஃபுல் ஃபிரேம் என்பதால் அதன் சென்சாரும் அதே 36 மில்லிமீட்டர் அகலம்தான். அதில் 6000 பிக்சல், அதாவது மில்லிமீட்டருக்கு 167. ஒரு கறுப்புக் கோட்டையும் பக்கத்து வெள்ளைக் கோட்டையும் பிரித்துக் காட்ட இரண்டு பிக்சலாவது வேண்டும். ஆக, மில்லிமீட்டருக்கு 83 ஜோடி வரை பதியும். ஃபிலிமில் மிக நுணுக்கமானவற்றுள் ஒன்று ஃபியூஜி வெல்வியா 50. நிறுவனம் தரும் கணக்குப்படி, பளிச்சென்ற கறுப்பு வெள்ளைக் கோடுகள் என்றால் அது 160 வரை பிரிக்கும். கோடுகளுக்குள் வேறுபாடு மங்கலாக இருந்தால் 80 தான். இலைமேல் இலை படிந்த தேயிலைச் செடி இரண்டாவது வகை.

80-ம் 83-ம் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றும். பிரிண்டில் அப்படி இருக்காது. ஃபிலிமில் அந்த எல்லையை நெருங்க நெருங்கக் கோடுகள் வெளுத்துச் சாம்பலாகி கிரெயினோடு கலந்துவிடும். டிஜிட்டலில் எல்லைக்கு வெகு அருகில் வரை கோடு அழுத்தமாக நிற்கும். கண் ஷார்ப் என்று எடுத்துக்கொள்வது அந்த அழுத்தத்தைத்தான்.

ஒருமுறை ஒரே சரிவை ஐஎஸ்ஓ 200 கலர் நெகட்டிவிலும் 24 மெகாபிக்சலிலும் எடுத்து, இரண்டையும் 20×30 போட்டு அருகருகே மாட்டினேன். ஆறடி தள்ளி நின்றவர்கள் நிறத்தைப் பற்றித்தான் பேசினார்கள், கூர்மையை யாரும் கவனிக்கவில்லை. ஓரடிக்கு வந்ததும் கதை மாறியது. டிஜிட்டல் பிரிண்டில் சில்வர் ஓக் மரத்தின் சின்னக் கிளைகள் தனித்தனியாக எண்ணும்படி இருந்தன. நெகட்டிவ் பிரிண்டில் அதே கிளைகள் மணல் தூவியதுபோல் கரைந்து, வானத்திலும் அந்த மணல் தெரிந்தது. ஆனால் ஓரத்தில் இருந்த பாறை ஃபிலிமில்தான் எனக்குப் பிடித்தது. கிரெயின் அதற்கு ஒரு சொரசொரப்பைக் கொடுத்திருந்தது. அந்த அழகுக்காக ஃபிலிமைத் தேர்ந்தெடுப்பது நியாயம். கூர்மைக்காக என்றால் வேண்டாம்.

ஃபிலிமில்தான் எடுப்பேன் என்றால் ஸ்கேனில் கோட்டை விடாதீர்கள். லேபில் ரோல் கழுவும்போது தரும் சாதாரண ஸ்கேன் பல நேரம் 1800×1200 பிக்சல்தான் இருக்கும். அதை 30 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு வெறும் 60 பிக்சல். வீட்டு ஃபிளாட்பெட் ஸ்கேனரின் அட்டைப்பெட்டியில் 6400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று போட்டிருந்தாலும், உண்மையில் 2000-ஐத் தொட்டாலே பெரிது. ஃபிலிமுக்கென்றே செய்த 4000 டிபிஐ ஸ்கேனர் உள்ள இடத்தைத் தேடிப் போங்கள். 35 எம்எம்-ஐவிடப் பெரிய ஃபிலிம் போடும் மீடியம் ஃபார்மட் கேமரா இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. 6×7 சென்டிமீட்டர் நெகட்டிவின் அகலம் 70 மில்லிமீட்டர் என்பதால் பெரிதாக்குவது 11 மடங்கோடு முடிகிறது. அப்போது ஃபிலிம் உங்கள் டிஜிட்டலுக்கு நேர் நின்று போட்டி போடும்.

எதில் எடுத்தாலும் டிரைபாட் கட்டாயம். அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை, எஃப்/8 பக்கம் இருக்கட்டும். முழுக்க ஷார்ப்பாக வரும் என்று எஃப்/22-க்குப் போனால் ஒளி சிதறி மொத்தப் படமும் மழுங்கிவிடும். டிஜிட்டலில் டைமர் வைத்து எடுங்கள். ஃபிலிம் கேமராவில், கேமராவைத் தொடாமல் ஷட்டரை அழுத்த உதவும் கேபிள் ரிலீஸ் போதும்.

அப்புறம், பெரிய பிரிண்டுக்குக் காசு கொடுக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். 20×30-இல் உங்கள் டிஜிட்டல் படம் அங்குலத்துக்கு 200 பிக்சல் ஆகிறது. ஒன்றரை அடிக்கு அப்பால் நின்றால் சாதாரணக் கண்ணுக்கு அதுவே போதும். படத்தின் முக்கியமான பகுதியிலிருந்து 2400×1600 பிக்சலை மட்டும் வெட்டி, அதை 12×8 அங்குலத் தாளில் பிரிண்ட் எடுங்கள். பெரிய பிரிண்டின் ஒரு துண்டு அசல் அளவில் கைக்கு வந்துவிடும், செலவும் குறைவு. அதை ஹால் சுவரில் ஒட்டிவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து ஒரு தடவை, பக்கத்தில் வந்து ஒரு தடவை பாருங்கள். இலைகள் இலைகளாகத் தெரிந்தால் முழுப் பிரிண்டுக்கு ஆர்டர் கொடுத்துவிடலாம்.