படகு கட்டுகிறவர்களின் கேள்விகள்

கே: வீட்டிலேயே சிறிய பாய்க் கேட்டமரான் (இரட்டை உடல் படகு) கட்டினேன். கடல்நீருக்கு ஏற்றது என்று ‘மரைன்’ முத்திரை போட்ட பிளைவுட்தான் வாங்கினேன். தண்ணீரில் இறக்கிய சில நாட்களிலேயே பலகை அடுக்கடுக்காகப் பிரிகிறது. நான் ஒட்டிய லட்சணம் அப்படி என்கிறார் கடைக்காரர்.

ப: நன்றாகச் சொன்னார்! நீங்கள் ஒட்டியது பலகையோடு பலகையை. பலகைக்குள் இருக்கும் அடுக்குகளை ஒட்டியது ஆலை. பிரிந்தது எது என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஓரங்களுக்கு எப்பாக்சி பிசின் பூசாமல் விட்டிருந்தால் தண்ணீர் ஏறிப் பலகை ஊதும். ஆனாலும் மரைன் பலகையின் பசை விடக்கூடாது.

மிச்சத் துண்டு இருக்கிறதா? சில மணி நேரம் கொதிக்கவைத்து, உலர்த்தி, மறுபடி கொதிக்கவையுங்கள். பிரிந்தால் அந்தத் துண்டையும் பில்லையும் வைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

இந்த ‘மரைன்’ என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு எரிச்சல். பெயின்ட், பசை, திருகாணி என எதன்மீதும் ஒட்டிவிடுகிறார்கள். பி.எஸ். 1088 என்பது மரைன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரநிலை. அந்த எண்ணைப் பலகையில் பதிக்க ஒரு ரப்பர் முத்திரையும் கொஞ்சம் துணிச்சலும் போதும். தயாரித்த ஆலையின் பெயரோ, சான்றளித்த அமைப்பின் பெயரோ இல்லாத எண்ணை நம்பாதீர்கள். அறுத்த ஓரத்தைப் பாருங்கள். உள் அடுக்கில் பொந்து தெரிந்தால் திரும்பி நடங்கள். எனக்கும் ஒருவர் ‘மரைன்’ திருகாணி விற்றார். காந்தம் ஒட்டவில்லை பாருங்கள் என்று செய்துகாட்டினார். துருப்பிடிக்காத எஃகில் 304, 316 என்று இரண்டு வகை உண்டு. காந்தம் பெரும்பாலும் இரண்டிலுமே ஒட்டாது; இவற்றில் உப்புநீரைக் கூடுதலாகத் தாங்குவது மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 மட்டும். என் படகில் பழுப்புக் கறை வடிந்தது.

கே: சீக்கிரம் இறுகட்டும் என்று எப்பாக்சியில் ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினேன். இன்னும் பிசுபிசுக்கிறது. நிறுவனம் பணத்தைத் திருப்பித் தருமா?

ப: தராது. தரவும் கூடாது. டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் அலங்காரத்துக்கு அல்ல. அது எடைக் கணக்கா, கன அளவுக் கணக்கா என்பதும் அதிலேயே இருக்கும். மிஞ்சிய ஹார்டனர் வினைபுரியாமல் அப்படியே தங்கிவிடும். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசுங்கள்.

கே: பாயை ஏற்றி இறக்க நைலான் கயிறு போதுமா?

ப: போதாது, இழுவையில் நீளும். பாலியெஸ்டர் வாங்குங்கள். நைலான் நங்கூரத்துக்கு.

கே: பழைய டேக்ரான் (பாலியெஸ்டர் துணி) பாய் ஒன்று மலிவாக வருகிறது. வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

ப: எனக்கு விற்கப்பட்டதும் வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது, சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி. நல்ல டேக்ரான் கசக்கினால் காகிதம்போல் சரசரக்கும். துவண்டு கிடந்தால் அதன் காலம் முடிந்தது; காற்றில் அதன் வடிவம் நிற்காது. தையல் நூலை நகத்தால் நெருடுங்கள். வெயிலில் முதலில் போவது அதுதான்.

கே: அடுத்த வாரம் குடும்பத்தோடு முதல் பயணம். கேட்டமரான் கவிழாது என்று வரைபடம் விற்றவர் உறுதியளித்தார். லைஃப் ஜாக்கெட் அவசியமா?

ப: கேள்வியே தவறு. இரண்டு உடல் கொண்ட படகு எளிதில் சாயாது. ஆனால் ஓர் எல்லையைத் தாண்டினால் முழுக்கக் குப்புறக் கவிழ்ந்து, அப்படியே கிடக்கும். முதலில் ஜாக்கெட் வாங்குங்கள். நீந்தத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கரையோரம் அமைதியான நீரில் நீங்களே படகைக் கவிழ்த்து, நிமிர்த்த முடிகிறதா என்று பாருங்கள். பிறகு படகை மிதக்கவைக்கும் காற்றறைகளைத் திறந்து பாருங்கள். ஈரம் இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். வரைபடம் விற்றவரிடம் அந்த உறுதிமொழியை எழுதிக் கேளுங்கள். தரமாட்டார்.