காட்டுச் செம்மறி வேட்டைக்கு 38 லட்சம்: முன்பணத்தை இப்போதே கட்டலாமா?

கேள்வி: காரைக்குடியில் கட்டுமானப் பொருள் கடை வைத்திருக்கிறேன். வயது 51. தஜிகிஸ்தானின் பாமிர் மலைக்குப் போய், வழிகாட்டியோடு மார்க்கோ போலோ செம்மறி வேட்டையாட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அங்கே அரசு உரிமத்தோடு சட்டப்படி நடக்கும் வேட்டைதான். ஏஜென்ட் 42,000 டாலர் கேட்கிறார், சுமார் 38 லட்சம் வருகிறது. பாதியை அடுத்த மாதத்துக்குள் கட்டினால் வரும் நவம்பரில் இடம் உண்டாம். வங்கி டெபாசிட் 40 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 65 லட்சம் இருக்கிறது. கடையில் வருடத்துக்கு 12 லட்சம் மிஞ்சும். மூன்று வருடத்தில் மகளுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும். டெபாசிட்டைத் தொடாமல், கானாடுகாத்தான் பூர்வீக வீட்டில் என் பங்கைப் பங்காளிக்கு விற்றோ, ஆச்சியின் (மனைவியின்) நகையை அடகு வைத்தோ சமாளிக்கலாமா? கடைக் கணக்கில் ஏற்றலாமா? இருபது வருடமாகக் காவடியோடு பழனிக்கு நடப்பவன் நான். பிரஷருக்கு ஒரு மாத்திரை மட்டும் போடுகிறேன்.

பதில்: அடுத்த மாதம் ஒரு டாலர்கூட அனுப்ப வேண்டாம். ஆசையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை, மூன்று வருடம் தள்ளிப் போடச் சொல்கிறேன். உங்கள் வருமானத்துக்கு இது எட்டாத செலவும் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது. பணத்தை முதலில் அனுப்பிவிட்டு உடம்பை அங்கே போய்ச் சோதிக்கப் பார்க்கிறீர்கள். இந்த மாதிரி வேட்டையில் முன்பணம் அனுப்பிய அன்றே செலவுக் கணக்கில் எழுத வேண்டிய பணம். ஆடு கிடைக்காவிட்டாலும், பனி கொட்டி முகாமிலேயே முடங்கிக் கிடந்தாலும், மூன்றாம் நாள் தலைவலி தாங்காமல் நீங்கள் கீழே இறங்கினாலும் அது பெரும்பாலும் திரும்பாது. இதில் ஆடும் பனியும் உங்கள் கையில் இல்லை. உடம்பு மட்டும்தான் ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது.

அந்த மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். கிழக்குப் பாமிரில் முர்காப் என்ற ஊரே சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேட்டை நடப்பது 4,000 முதல் 5,000 மீட்டர் வரை. அந்த உச்சியில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான். காரைக்குடியிலிருந்து போகிறவருக்குக் கொடைக்கானலே பெரிய உயரம், அது வெறும் 2,100 மீட்டர். பழனி நடை கால்களுக்கும் மன உறுதிக்கும் நல்ல பயிற்சி, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாதை முழுக்கச் சமவெளி. உயரத்துக்கு உடம்பு பழகுவது வேறு சங்கதி. திடகாத்திரமான இளைஞர்களைக்கூட அது படுக்க வைத்துவிடும், யாரை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 3,000 மீட்டருக்கு மேலே ஒவ்வொரு இரவும் தூங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. வேட்டைக்காரர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் இதை மதிப்பதில்லை. ஜீப்பில் ஏற்றி ஒன்றிரண்டு நாளில் முகாமில் இறக்கிவிடுவார்கள். அதனால் தொகுப்பில் இல்லாத மூன்று நான்கு நாளை வழியில் தங்குவதற்கு உங்கள் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் குறைக்கவே விடாத செலவு இது ஒன்றுதான்.

சரி, உடம்பை மலிவாகச் சோதிக்க என்ன வழி? லடாக். லே நகரமே சுமார் 3,500 மீட்டர். முதல் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு, பிறகு மார்க்கா பள்ளத்தாக்கு மாதிரி ஒரு நடைப்பயணம் போனால் 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய் ஒன்றையும் பார்த்துவிடலாம். காரைக்குடியிலிருந்து போய் வர எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் முடியும். அங்கே தூக்கம், பசி, மூச்சு எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் 19 லட்சம் முன்பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். கிளம்பும் முன் மதுரையிலோ திருச்சியிலோ இதய மருத்துவரைப் பார்த்து டிரெட்மில் சோதனை செய்துகொள்ளுங்கள். பிரஷர் மாத்திரையைப் பற்றியும், உயர நோய்க்குத் தரும் டயமாக்ஸ் உங்களுக்கு ஒத்துவருமா என்றும் அவரிடமே கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். லடாக்கிலும் இதே இனத்து அர்காலி செம்மறியும் யூரியல் என்ற இன்னொரு காட்டுச் செம்மறியும் உண்டு. அவற்றைத் தொலைநோக்கியில் மட்டும்தான் பார்க்கலாம். 1972 வனவிலங்குச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம். எனக்குத் தொலைநோக்கியே போதும், அது என் ருசி. உங்கள் பணத்துக்கு நான் கணக்குப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது தொகை. 38 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள், என் கணக்கில் 50 லட்சம் வருகிறது. டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கட்டணம் 37.8 லட்சம். விமானம், விசா, பாமிருக்குள் நுழையத் தனி அனுமதி, ஓட்டல், வழியில் தங்கும் கூடுதல் நாட்கள் எல்லாமாக 2 லட்சம். வழிகாட்டிக்கும் சமையல்காரருக்கும் தரும் அன்பளிப்பு இந்தத் தொழிலில் எழுதாத சட்டம், அதற்கு இரண்டரை லட்சம். பூட்ஸ், மைனஸ் 20, 30 டிகிரி தாங்கும் உடையும் தூக்கப் பையும், நல்ல தொலைநோக்கி என்று 2 லட்சம். இன்சூரன்சும் மருத்துவச் சோதனையும் 70 ஆயிரம், லடாக் 1 லட்சம். மிச்சம் 4 லட்சம், ரூபாய் மதிப்புச் சரிவுக்கான ஒதுக்கீடு. 2022 தொடக்கத்தில் 75-ஐ ஒட்டி இருந்த டாலர் 2024 டிசம்பரில் 85-ஐத் தாண்டிவிட்டது. மூன்று வருடம் கழித்துக் கட்டப்போகும் டாலர் பில்லுக்கு இன்றைய விலையில் பணம் சேர்த்தால் துண்டு விழும்.

துப்பாக்கியைக் கொண்டு போக நினைக்காதீர்கள். ஆயுத உரிமம், ஏற்றுமதி அனுமதி, விமான நிறுவன விதி, அந்த நாட்டின் அனுமதி என்று அலைந்தே ஓய்ந்துவிடுவீர்கள். அங்கேயே வாடகைக்குத் தருவார்கள். ஆனால் மலையில் 300 மீட்டர் தூரத்துக்கு மேலும் சுட வேண்டி வரும். இங்கே ரைஃபிள் கிளப்பில் 10 மீட்டர், 50 மீட்டர் பயிற்சிதான் பெரும்பாலும் கிடைக்கும். இது ஏன் பண விஷயம் என்றால், காயம்பட்டு ஓடிய ஆடும் சுட்ட ஆடாகவே கணக்கில் வரும், முழுக் கட்டணமும் தர வேண்டும். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். முகாமில் முதல் நாளே வாடகைத் துப்பாக்கியில் சுட்டுப் பழகக் குண்டும் நேரமும் தருவார்களா என்றும் கேளுங்கள். கொம்பின் நீளம் ஓர் அளவைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் கேட்பவர்களும் உண்டு.

அப்புறம் சுட்ட ஆட்டின் தலை. முகப்பில் மாட்டும் ஆசை கடிதத்தில் இல்லை, ஆனால் செட்டிநாட்டு வீட்டுக்காரரிடம் கேட்காமல் இருக்க முடியுமா? அர்காலி, அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைடீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள விலங்கு, அந்த நாட்டின் ஏற்றுமதி அனுமதி இல்லாமல் எல்லை தாண்டாது. இந்திய இறக்குமதிக் கொள்கையும் காட்டு விலங்கின் உறுப்புகளுக்குக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறது. சுங்கத்தில் பிடிபட்டால் பணம் மட்டும் போகாது, வழக்கும் வரும். பாடம் செய்யும் செலவைத் திட்டத்திலேயே சேர்க்காதீர்கள், போட்டோ போதும். இதே பேச்சில் ஒன்று: பூர்வீக வீட்டுச் சுவரில் பாட்டையா காலத்து மான் கொம்பு ஏதாவது தொங்கினால் அதற்கு உடைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பங்காளிகளிடம் விசாரியுங்கள். 2003-ல் இவற்றை அரசிடம் அறிவிக்க 180 நாள் அவகாசம் தந்தார்கள். பல வீடுகளில் யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுப் பங்குக்கு வருவோம். அதை விற்காதீர்கள். பல புள்ளிகளுக்கு (குடும்பங்களுக்கு) பங்குள்ள வீட்டில் ஒருவர் பங்கை வெளியாள் வாங்க மாட்டார். வாங்கக்கூடியவர் பங்காளி ஒருவர்தான், நீங்கள் அவசரத்தில் இருப்பது அவருக்கும் தெரியும். அவர் சொல்வதுதான் விலை. நகையும் வேண்டாம். அடகு வட்டி கட்டிக்கொண்டு போகும் வேட்டையில் ஒவ்வொரு நாளும் ஆச்சியின் முகம்தான் தெரியும். டெபாசிட் 40 லட்சத்தைக் கல்யாணத்துக்கு என்று எழுதி வைத்துவிடுங்கள். சீர், வேவு (கல்யாணச் சீர்ப் பொருட்கள்), வைரம், மூன்று நாள் சாப்பாடு என்று பார்த்தால் அதுவே பத்துமா என்று எனக்குச் சந்தேகம்.

கடைக் கணக்கில் ஏற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. இது சொந்தச் செலவு. கடையிலிருந்து எடுத்தால் உங்கள் பேரில் பற்று எழுதி எடுங்கள்.

நான் சொல்லும் வழி, மூன்று வருடம் தள்ளிப் போடுவது. மாதம் ஒரு லட்சம் ரெக்கரிங் டெபாசிட்டில் போடுங்கள். மூன்று வருடத்தில் வட்டியோடு 39 லட்சம் அளவில் நிற்கும். இவ்வளவு குறுகிய காலத்துக்கு, தேதி குறித்த செலவுக்குப் பங்குச் சந்தை ஃபண்ட் வேண்டாம். குறையும் 11 லட்சத்தை மியூச்சுவல் ஃபண்டிலிருந்து ஒரே தடவையில் எடுக்காமல் மூன்று நிதியாண்டாகப் பிரித்து எடுங்கள். பங்கு ஃபண்டில் வருடத்துக்கு 1.25 லட்சம் வரை நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். மிச்சமுள்ள ஃபண்ட் உங்கள் முதுமைக்கு. அதற்கு மேல் கை வைத்தால் நான் தடுப்பேன். நடுவில் கல்யாணச் செலவு பெருத்தால் செம்மறியை விட்டுவிட்டு அதே மத்திய ஆசிய மலைகளில் ஐபெக்ஸ் என்ற காட்டாட்டு வேட்டைக்குப் போகலாம். மலையும் குளிரும் அதேதான், கட்டணம் இதில் சிறு பங்கு. என்னைக் கேட்டால் முதலில் அதற்குப் போவதே புத்திசாலித்தனம்.

பணம் அனுப்பும்போது வங்கியில் டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், இது பலருக்குத் தெரியாமல் கடைசி வாரத்தில் கையைக் கடிக்கும். 2025 ஏப்ரலில் வந்த விதிப்படி, படிப்பு, மருத்துவம், சுற்றுலாத் தொகுப்பு தவிர்த்த செலவுக்கு ஒரு நிதியாண்டில் அனுப்பும் தொகையில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 20 சதவீதம். 37.8 லட்சத்தையும் ஒரே நிதியாண்டில் அனுப்பினால் 5.56 லட்சம் கூடுதலாகக் கையில் வேண்டும். பாதியை மார்ச்சுக்கு முன்னும் பாதியை ஏப்ரலுக்குப் பின்னும் அனுப்பினால் 10 லட்ச விலக்கு இரண்டு தடவை கிடைக்கும், டிசிஎஸ் 3.56 லட்சமாகக் குறையும். நவம்பர் வேட்டைக்கு இந்தப் பிரிப்பு இயல்பாகவே பொருந்தும். பிடித்த பணம் எங்கும் போய்விடாது, உங்கள் பான் எண்ணில் வரவாகும். அடுத்த அட்வான்ஸ் டாக்ஸ் தவணையில் அதைக் கழித்துக் கட்டலாம், மிஞ்சினால் ரிட்டர்னில் திரும்ப வாங்கலாம். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். வங்கி இதைச் சுற்றுலாத் தொகுப்பாக எழுதுகிறதா, வேறு செலவாக எழுதுகிறதா என்பதைப் பொறுத்தும் மாறும். அனுப்பும் வாரத்தில் ஆடிட்டரை வைத்துக்கொண்டு கேளுங்கள். ஏஜென்ட் உள்ளூரில் ரொக்கமாகக் கொடுங்கள், டிசிஎஸ் இருக்காது என்று சொன்னால் அந்த ஆளோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் கடைசியில் வந்தாலும் சின்ன விஷயம் இல்லை. சாதாரணப் பயண பாலிசிகள் பலவற்றில் வேட்டைக்கும், ஓர் உயரத்துக்கு மேற்பட்ட மலையேற்றத்துக்கும் விலக்கு இருக்கும். முதல் பக்கத்தை விட்டுவிட்டு விலக்குகள் உள்ள பக்கத்தைப் படியுங்கள். 5,000 மீட்டர் வரை, வேட்டையோடு சேர்த்து, மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரும் செலவும் உண்டு என்று எழுத்தில் வாங்குங்கள். பிரஷரை மறைக்காதீர்கள், கிளெய்ம் நிராகரிக்க அந்த ஒரு மாத்திரை போதும். கிளம்பும் முன் டெபாசிட், ஃபண்ட், கடைக் கணக்கு எல்லாவற்றிலும் நாமினி சரியாக இருக்கிறதா என்று ஆச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

ஏஜென்டுக்கு இன்றைக்கே பதில் எழுதிவிடுங்கள்: இந்த நவம்பருக்கு வேண்டாம், மூன்று வருடம் கழித்து. முன்பணத்தில் எவ்வளவு, எந்த நிலையில் திரும்பும், மருத்துவக் காரணத்தால் ரத்து செய்தால் அடுத்த பருவத்துக்கு மாற்றித் தருவீர்களா, உரிமம் யார் பெயரில் வருகிறது என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் வேறு ஏஜென்டைப் பாருங்கள்.