கைநிறையச் சம்பளம் வாங்குகிற விமானிக்குச் சங்கம் எதற்கு?

கேள்வி: என் மகன் பயிற்சி முடித்து, ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரப்போகிறான். சேர்ந்தவுடன் விமானிகள் சங்கத்தில் உறுப்பினராகும்படி சீனியர்கள் சொல்கிறார்களாம். 'கைநிறையச் சம்பளம் வாங்கப்போகிறாய், உனக்கு எதற்குச் சங்கமும் போராட்டமும்? நிர்வாகத்திடம் நல்ல பெயர் வாங்கு, சீக்கிரம் கேப்டன் ஆகலாம்' என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. தாமதிக்காமல் மகனைக் கூப்பிட்டு, சேரச் சொல்லுங்கள்.

முதலில் அந்தக் 'கைநிறைய'. பெரிய நிறுவனத்தில் பல வருடம் ஓட்டிய கேப்டனுக்கு அது பொருந்தும். பயிற்சிக் கடனைத் தோளில் வைத்துக்கொண்டு சின்ன நிறுவனத்தில் சேரும் துணை விமானிக்குப் பல நாடுகளில் பொருந்தாது. ஆனால் சம்பளத்தோடு இந்த விஷயத்தை முடித்துவிடக் கூடாது. விமானியின் வேலையில் மிகக் கடினமான பகுதி, 'இன்று பறக்க மாட்டேன்' என்று சொல்வது. சங்கம் முக்கியமாகத் தேவைப்படுவது அந்த இடத்தில்தான்.

1919 ஜூலையில் அமெரிக்கத் தபால் துறையின் விமானப் பிரிவில் நடந்ததைக் கேளுங்கள். நியூயார்க்கில் பெல்மான்ட் பார்க் என்ற இடத்திலிருந்து தபால் மூட்டைகளோடு விமானம் கிளம்ப வேண்டும். கடும் மூடுபனி. மூடுபனிக்குள் வழி பார்த்துப் போக அந்தக் காலத்து விமானத்தில் உருப்படியான கருவி கிடையாது. தண்டவாளத்தையும் ஆற்றையும் கீழே பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். லியான் ஸ்மித், ஹாமில்டன் லீ என்ற இரண்டு விமானிகள் கிளம்ப மறுத்தார்கள். விமானத் தபாலுக்குப் பொறுப்பாக இருந்த ஆட்டோ பிரேகர் என்ற அதிகாரி இரண்டு பேரையும் வேலையை விட்டு நீக்கினார். அவருக்கு நேரத்துக்குத் தபால் போக வேண்டும், அவ்வளவுதான். உடனே மற்ற விமானிகளும் பறக்க மறுத்துவிட்டார்கள். சில நாளிலேயே பிரேகர் இறங்கிவர வேண்டியதாயிற்று. வானிலை சரியில்லை என்று விமானி சொன்னால், நிலைய மேலாளரும் மேலே போய்ப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று உடன்பாடு ஏற்பட்டது. முடிவு எடுப்பவரின் உயிரும் அந்த விமானத்தில் இருக்கட்டும் என்ற ஏற்பாடு இது. இருவரும் மட்டும் நின்றிருந்தால் வேலை போனதோடு கதை முடிந்திருக்கும். எல்லோரும் சேர்ந்து நின்றும்கூட லீ மட்டும்தான் வேலைக்குத் திரும்பினார்.

இப்போது சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. களைப்பாக இருந்தால் பறக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. ஆனால் நடுராத்திரி, யாருக்கு எப்போது டூட்டி என்று ஒதுக்கும் ரோஸ்டர் பிரிவுக்குப் போன் போட்டு 'எனக்கு உடம்பு தாங்கவில்லை, டூட்டியை மாற்றுங்கள்' என்று சொல்கிற இருபத்தைந்து வயதுப் பையனை, மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்கும்போது விதிப்புத்தகம் பக்கத்தில் வந்து உட்காராது. சங்கத்தின் பிரதிநிதி வந்து உட்காருவார்.

2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் என்ற நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானத்தின் வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்தபோது கேப்டன் தவறாகக் கையாண்டதுதான் முக்கியக் காரணம் என்று விசாரணை சொன்னது. ஆனால் துணை விமானியின் கதையையும் படிக்க வேண்டும். 24 வயதுப் பெண். மிகக் குறைந்த சம்பளம். வீடு மேற்குக் கரையில் சியாட்டில் பக்கம், வேலை கிழக்குக் கரையில் நியூவார்க்கில். முந்தின இரவு முழுக்கச் சரக்கு விமானத்தில் தொற்றிக்கொண்டு, வழியில் மெம்ஃபிஸ் நகரில் மாறி, காலையில் வந்து சேர்ந்திருக்கிறார். சளி வேறு. இப்போது உடம்பு சரியில்லை என்று லீவ் சொன்னால் சொந்தச் செலவில் ஓட்டலில் தங்க வேண்டும் என்று அவர் சொன்னது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. ஓட்டல் வாடகைக்குப் பயந்து ஒருவர் விமானத்தில் ஏறியிருக்கிறார். இதைப் படித்த பிறகும், சம்பளமும் ஓய்வும் விமானியின் சொந்தப் பிரச்சினை என்று எப்படிச் சொல்வது?

இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் போராடி 2010-இல் சட்டம் கொண்டுவர வைத்தார்கள். விமானிகள் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த புதிய ஓய்வு விதிகள் 2014-இல்தான் நடைமுறைக்கு வந்தன. டூட்டிக்கு முன்னால் 10 மணி நேர ஓய்வு, அதில் இடைஞ்சலில்லாமல் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு. அதிலும் செலவுக் கணக்குப் பார்த்து, சரக்கு விமானங்களின் விமானிகளை இந்த விதிகளில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். இரவெல்லாம் ஓட்டுவது பெரும்பாலும் அந்த விமானிகள்தான்!

அப்புறம் அந்த 'நல்ல பெயர் வாங்கினால் சீக்கிரம் கேப்டன்'. பெரும்பாலான பெரிய நிறுவனங்களில் பதவி உயர்வு சீனியாரிட்டி வரிசைப்படிதான். வேறு நிறுவனத்துக்குப் போனால் பெரும்பாலும் வரிசையின் கடைசியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மற்ற வேலைகளில் பிடிக்கவில்லை என்றால் கிளம்பிவிடலாம். பத்து வருடம் ஓட்டிய விமானி அப்படிக் கிளம்பினால் பத்து வருடத்தையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நிர்வாகத்துக்கும் இது தெரியும். தனி ஆளாக அவர் என்ன பேரம் பேச முடியும்?

வெளியே தெரியாத ஒரு நன்மையும் உண்டு. இன்றைய விமானத்தில் ஒவ்வொரு பயணமும் பதிவாகிறது. இறங்கும்போது வேகம் கூடியிருந்தால் கணினி பிடித்துவிடும். பல நிறுவனங்களில் அந்த விமானி யார் என்று அறிந்துகொள்ளும் அனுமதி, சங்கத்தின் சார்பில் இருக்கும் ஒரு விமானிக்கு மட்டும்தான். அவர் போன் செய்து 'அன்றைக்கு என்னப்பா ஆச்சு?' என்று கேட்பார். வேலை போகும் என்ற பயம் இல்லாததால் உண்மை வெளியே வரும். பயிற்சியில் எங்கே ஓட்டை, எந்த ஓடுபாதையில் சிக்கல் என்று அப்படித்தான் தெரிகிறது.

சங்கம் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. 1989-இல் ஆஸ்திரேலிய விமானிகள் ஏறக்குறைய 30 சதவீத ஊதிய உயர்வு கேட்டார்கள். மற்ற தொழிலாளர்கள் எல்லாம் ஊதிய உயர்வில் ஒரு வரம்புக்குள் நிற்கும்போது தங்களுக்கு மட்டும் விதிவிலக்கு வேண்டும் என்றார்கள். கூட்டாக ராஜினாமா செய்தார்கள். தொழிற்சங்கத் தலைவராக இருந்து பிரதமரான பாப் ஹாக், பயணிகளை ஏற்றிச்செல்ல விமானப்படை விமானங்களை இறக்கி அவர்களைத் தோற்கடித்தார். பலர் பழைய வேலைக்குத் திரும்பவே இல்லை. அமெரிக்காவில் 1983-இல் இன்னொரு தவறு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கம், ஏற்கெனவே இருப்பவர்களுக்குப் பழைய சம்பளம், இனி வருகிறவர்களுக்கு மிகக் குறைந்த சம்பளம் என்ற ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. ஒரே காக்பிட், ஒரே வேலை, இரண்டு கூலி. அன்று ஓட்டுப்போட்டவர்கள் பழையவர்கள். புதியவர்கள் இன்னும் வேலைக்கே வரவில்லை.

இதனால்தான் உங்கள் மகன் உள்ளே இருக்க வேண்டும் என்கிறேன். ஜூனியர்கள் ஒதுங்கி நின்றால் சங்கம் சீனியர்களின் சம்பளச் சங்கமாகிவிடும். சந்தா கட்டுவதோடு நிற்காமல் கூட்டத்துக்குப் போகட்டும். அடுத்த ஒப்பந்தத்தில் இரவு டூட்டிக்கு என்ன வரம்பு, வெளியூரில் காத்திருக்கும் நாளுக்குத் தங்குமிடம் உண்டா, களைப்பு என்று டூட்டியை மறுத்தவர்மேல் நடவடிக்கை எடுத்தால் யார் வாதாடுவார்கள் என்று கேட்கட்டும். சரியான பதில் வராவிட்டால் அடுத்த தேர்தலில் அவனே நிற்கட்டும்.