ஹாம்பர்க் சுற்றிப் பார்க்க: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பெர்லினிலிருந்து ரயிலில் வருகிறோம். கையில் ஒரு பகல்தான். எங்கே தொடங்கலாம்?

பதில்: லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறையில். துறைமுகம் சுற்றிக்காட்டுகிறோம் என்று படகுக்காரர்கள் கூவி அழைப்பார்கள்; அவசரப்படாதீர்கள். 62-ஆம் எண் படகு நகரப் போக்குவரத்தைச் சேர்ந்தது. பஸ், ரயிலுக்கு எடுத்த நாள் டிக்கெட்டே அதற்கும் போதும். ஃபின்கன்வெர்டர் போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். மேல்தளத்தில் நில்லுங்கள், கன்டெய்னர் கிரேன்கள் நன்றாகத் தெரியும். காற்று பிய்த்துக்கொண்டு போகும், ஜாக்கெட் கட்டாயம்.

அப்புறம் அதே துறையில் பழைய எல்பே சுரங்கப்பாதை. 1911-இல் திறந்தது. அக்கரைக் கப்பல் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகும் தொழிலாளர்களுக்காக ஆற்றுக்கடியில் 426 மீட்டர் தோண்டினார்கள். நடப்பவர்களுக்குக் கட்டணமில்லை, லிஃப்ட்டும் உண்டு. விறுவிறுவென்று கடந்துவிடாமல் சுவரைப் பாருங்கள்: பளபளக்கும் சுடுமண் ஓட்டுச் சிற்பங்களில் மீன், நண்டு; ஓரிடத்தில் பழைய பூட்ஸும் அதைச் சுற்றி எலிகளும்! அக்கரையில் ஏறி நின்றால் நகரம் முழுதும் எதிரே தெரியும். என்னைக் கேட்டால் ஊரிலேயே நல்ல காட்சி அதுதான்.

கேள்வி: துறைமுக நகரம் என்றால் கடற்கரை இருக்குமே?

பதில்: கடல் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி. இது எல்பே ஆற்றுத் துறைமுகம். ஆனாலும் கடலின் ஏற்றவற்றம் இங்கே வரை வந்து, தண்ணீர் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அதனால்தான் ஸ்பைக்கர்ஷ்டாட் கிடங்குகளுக்கிடையே ஓடும் கால்வாய்களில் நீர் வற்றும்போது சுற்றுலாப் படகு நுழையாது. அந்தச் செங்கல் கிடங்குகளுக்குள் போவதென்றால் மட்டும் காசு கொடுத்துச் சின்னப் படகு பிடியுங்கள், நேரம் கேட்டுவிட்டு. 2015 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. உயரத்திலிருந்து பார்க்க வழியுண்டா?

பதில்: உண்டு. எல்ப்ஃபில்ஹார்மனி இசை அரங்கில் 82 மீட்டர் நீள எஸ்கலேட்டர் வளைந்து ஏறும். 37 மீட்டர் உயரத்தில் பார்வை மாடம். செயின்ட் மிகாயேல் தேவாலயக் கோபுரத்திலும் லிஃப்ட் இருக்கிறது.

கேள்வி: குழந்தைகளுக்கு?

பதில்: மினியேச்சர் வுண்டர்லாண்ட். உலகின் மிகப் பெரிய பொம்மை ரயில் உலகம். விமானங்கள்கூட ஓடுபாதையில் ஓடி மேலே ஏறும். முன்பதிவில்லாமல் போனால் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

கேள்வி: ஞாயிறு மீன் சந்தைக்கு விடியற்காலையில் எழுந்து போகலாமா? நாங்கள் சைவம்.

பதில்: தாராளமாக. பழக்கூடை விற்பவர்களின் கூப்பாடே ஒரு நாடகம். கோடையில் ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்துவிடும். காலை உணவுக்கு ஃபிரான்ஸ்ப்ரோட்சன் வாங்குங்கள், வெண்ணெயும் இலவங்கப்பட்டையும் போட்ட பன்.