எடை குறைந்தும் காலைச் சர்க்கரை இறங்கவில்லையே?

கேள்வி: உணவுக் கட்டுப்பாட்டால் நான்கு மாதத்தில் 8 கிலோ குறைத்தேன். சாப்பிட்டபின் சர்க்கரை 140-க்குள் வந்துவிட்டது. வெறும் வயிற்றில் மட்டும் இன்னும் 118. பசியும் முன்பைவிட அதிகம். எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. விடியற்காலையில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் இரண்டின் தாக்கத்தால் கல்லீரல் குளுக்கோஸை ரத்தத்தில் விடும். இன்சுலின்தான் அதை அடக்க வேண்டும். ஆனால் கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காது. இரவு பட்டினி கிடந்தாலும் காலையில் 118 காட்டுவது அதனால்தான். எடை இன்னும் இறங்கினால் அந்தக் கொழுப்பும் கரையும். 2017-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது.

அப்புறம், பசி. எடை குறையும்போது பசியை அடக்கும் லெப்டின் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. ஒரு வருடம் கழித்தும் இது நீடிப்பதை 2011-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இதை மன உறுதி இல்லாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும். என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மனமுடைந்து விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அளவை மாற்ற வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.