ரத்தப் பரிசோதனைக்கு என்று நான்கு டியூப் ரத்தம் எடுக்கிறார்களே, இவ்வளவு ரத்தம் போனால் உடம்பு பலவீனமாகாதா?

ஆகாது. கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் ஒரு லேப் டெக்னீஷியனிடம் இதைக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையோடு தப்பிக்க முடியாது.

அம்மாவையோ அப்பாவையோ வெறும் வயிற்றோடு லேபுக்குக் கூட்டிப்போயிருப்பீர்கள். பஞ்சை அமுக்கிக்கொண்டே "தல சுத்துது" என்று சொல்லியிருப்பார்கள். நீங்கள் ஸ்டாண்டில் இருந்த நாலு டியூபையும் பார்த்துவிட்டு இங்கே வந்திருப்பீர்கள். என் ஊகம் தப்பென்றால் விட்டுவிடுங்கள். அந்தத் தலைசுற்றல் பெரும்பாலும் பசியாலும் பயத்தாலும் வருவது. ஊசியைக் கண்ட பதற்றத்தில் சிலருக்கு இதயத்துடிப்பு குறைந்து, ரத்தக்குழாய்கள் தளர்ந்து, மூளைக்குப் போகிற ரத்தம் கொஞ்ச நேரம் குறையும். எங்கள் நாற்காலியில் அப்படி மயங்கி விழுகிறவர்களில் பாதிப்பேர் ஜிம்முக்குப் போகிற பையன்கள். பாட்டிகள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, டிஎம்எல்டி, அதாவது லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படித்தவள். "ஒரு டெக்னீஷியனுக்கு என்ன தெரியும்" என்று கீழே எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதலாம். மனித ரத்தத்தை தினமும் கையில் வைத்துப் பார்க்கிறவர்கள் நாங்கள்தான் என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன லேபில் வேலை பார்த்தேன். பேர் வேண்டாம். ஒரு பெரியவர் தன் மனைவிக்கு டெஸ்ட் எடுக்கக் கூட்டி வந்தார். ஊதா மூடி, சிவப்பு மூடி, சாம்பல் மூடி, இளநீல மூடி என்று நான்கு டியூப். நான் லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். "ஏத்தா, அவ உடம்புல இருக்கறதே ஒரு செம்பு ரத்தம். அதுல நாலு குப்பி எடுத்துட்டியே, எங்க கொண்டுபோய் விக்கிறீங்க?" பெஞ்சில் இருந்த எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பார்வையிலேயே தெரிந்தது, பாதிப்பேருக்கு அதே சந்தேகம்.

எனக்குக் கோபம் வந்தது, ஏன் வராது? ஆனால் கத்தவில்லை. "உள்ள வாங்கய்யா, எங்க விக்கிறோம்னு காட்டுறேன்" என்று கூட்டிப்போனேன். வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்று விதி இருக்கிறதுதான். கையுறை மாட்டிவிட்டு, எதையும் தொடாமல் நிற்கச் சொன்னேன், போதுமா?

முதலில் கணக்கைச் சொன்னேன். பெரியவர்கள் உடம்பில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 70 மில்லி ரத்தம். அறுபது கிலோ ஆளுக்கு 4 லிட்டருக்கு மேலேயே இருக்கும். நாலு டியூபும் சேர்ந்து 12 மில்லி வரும், அதாவது இரண்டரை டீஸ்பூன். ரத்த தானம் செய்கிறவரிடம் ஒரே தடவையில் 350 மில்லி எடுக்கிறார்கள், 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லி. அவர் எழுந்து பிஸ்கட் தின்று ஜூஸ் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

பெரியவர் அசையவில்லை. "போன ரத்தம் போனதுதானே?" என்றார்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ரத்தம் என்றால் ஒரு தொட்டியில் ஊற்றி வைத்த தண்ணீர், மொண்டால் குறைந்தே போகும் என்று நினைப்பு. ரத்தம் உயிருள்ள திசு. அதில் இருக்கிற சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது, வெளியே வருவதற்கு முன் தன் உட்கருவையே கழற்றி எறிந்துவிடுகிறது. ஆக்சிஜனை எரித்துச் சக்தி எடுக்கிற மைட்டோகாண்ட்ரியாவும் மிஞ்சுவதில்லை. ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினுக்கு இடம் வேண்டுமே! உட்கரு இல்லாததால் அதனால் இரண்டாகப் பிரியவும் முடியாது, தேய்ந்த பாகங்களைப் பழுது பார்த்துக்கொள்ளவும் முடியாது. உடம்பு முழுக்க ஆக்சிஜனைச் சுமந்து கொடுக்கிற இந்த செல், அதில் துளிகூடத் தனக்கென்று எடுத்து எரிப்பதில்லை. மைட்டோகாண்ட்ரியா இல்லையே, எதை வைத்து எரிக்கும்? குளுக்கோஸை மட்டும் உடைத்துப் பிழைத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் செல் படம் வரைந்து பாகம் குறித்தபோது இதை யாராவது சொல்லியிருந்தால் எனக்கு உயிரியல் அப்போதே பிடித்திருக்கும்.

கிழடு தட்டிய சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கிற விழுங்கு செல்கள் தின்றுவிடுகின்றன. இரும்பைத் திரும்ப எடுத்துப் புது செல்லுக்கு அனுப்பிவிடும். மிச்சம் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளாகிப் பித்தநீரில் கலக்கும். சிறுநீரின் மஞ்சளும் மலத்தின் பழுப்பும் கடைசியில் அங்கிருந்து வருவதுதான். செத்ததற்கு ஈடாக மஜ்ஜை வினாடிக்கு இருபது லட்சம் சிவப்பணு என்ற கணக்கில் செய்துகொண்டே இருக்கிறது. இப்போது வகுத்துப் பாருங்கள். 4200 மில்லியை 120 நாளால் வகுத்தால் 35. ஒரு நாளில் 35 மில்லி ரத்தத்தில் இருக்கும் அளவு சிவப்பணுக்களை உடம்பே கழித்துப் புதுப்பிக்கிறது, யாரும் ஊசி போடாமலே. நான் எடுத்த 12 மில்லி அதில் மூன்றில் ஒரு பங்கு.

பெரியவரை இளக்காரமாக நினைக்க வேண்டாம். சாப்பாட்டிலிருந்து கல்லீரல் ரத்தம் செய்கிறது, உறுப்புகள் அதைக் குடித்துத் தீர்த்துவிடுகின்றன என்று ஐரோப்பாவில் படித்த வைத்தியர்களே ஆயிரம் வருடத்துக்கு மேல் நம்பினார்கள். ரத்தம் சுற்றித் திரும்பி வருகிறது என்று 1628-இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர் நிறுவியதற்கு அவருக்கு உதவியது ஒரு சாதாரணக் கணக்கும், கையில் இறுக்கிக் கட்டிய ஒரு துணிக்கட்டும். நாங்கள் முழங்கைக்கு மேலே கட்டுகிற டூர்னிக்கே மாதிரியேதான்.

அப்புறம், ஏன் நாலு டியூப்? ஒன்றில் எடுத்துப் பிரித்துக்கொள்ளக் கூடாதா என்பது அடுத்த சண்டை. டியூபுக்குள் விழுந்த பிறகும் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, பசியோடும் இருக்கின்றன. சும்மா வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும். காலையில் எடுத்த ரத்தத்தை மதியம் பார்த்தால் சுகர் குறைவாகக் காட்டும், நீங்கள் சந்தோஷமாக லட்டு தின்பீர்கள். அதற்குத்தான் சாம்பல் மூடியில் ஃபுளூரைடு, செல் குளுக்கோஸை உடைக்கிற வேலையைத் தடுக்க. ஊதா மூடியில் இருக்கிற இடிடிஏ என்ற ரசாயனம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது, செல்களை உதிரியாக எண்ணலாம். இளநீல மூடியில் சிட்ரேட், உறையும் நேரம் பார்க்க. அதில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு மருந்து என்பதால் கோடு வரை நிரப்பியே ஆக வேண்டும். சிவப்பு மூடியில் உறையவிட்டு, மேலே தெளிகிற சீரம் என்ற திரவத்தில் கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்ப்போம். இந்த மருந்து கலந்த ரத்தத்தை யார் உடம்பிலும் ஏற்ற முடியாது. ஏற்றுகிற ரத்தத்துக்குத் தனிப் பை, எச்ஐவி, மஞ்சள் காமாலை, மலேரியா, சிபிலிஸ் பரிசோதனை, குளிர்பதனம் எல்லாம் வேண்டும். டியூபில் மிஞ்சுவது கிருமி நீக்கம் செய்து மருத்துவக் கழிவு வண்டியில் போகிறது. விற்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

வேகமாகச் சுற்றி ரத்தத்தைப் பிரிக்கிற சென்ட்ரிஃப்யூஜ் மெஷினில் சுற்றிய டியூப் ஒன்றை எடுத்துக் காட்டினேன். கீழே சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு. "இந்த மஞ்சத்தண்ணி என்னத்தா?" என்றார். "இதுவும் அம்மா ரத்தந்தாங்கய்யா, பாதிக்கு மேல இதுதான்" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குரலை இறக்கி, "நா வித்திருக்கேன் தாயி. வயசுல, மருதையில. காசு கொடுப்பாக" என்றார். பழைய காலத்தில் அது நடந்ததுதான். உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்ன தீர்ப்பால் 1998 ஜனவரியிலிருந்துதான் காசுக்கு ரத்தம் கொடுப்பது இந்தியாவில் தடையானது. அவருக்கு அந்தச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பிறந்தவர்களும் அதே கேள்வியை என்னிடம் கேட்கிறார்களே, அதுதான் எரிச்சல்.

அந்த அம்மாவின் ஊதா மூடி டியூபைப் பார்த்தபோதே எனக்கு உறுத்தியது. அது நின்று செல்கள் அடியில் இறங்கியபோது சிவப்பு மிகவும் கம்மி. மெஷினும் ஹீமோகுளோபின் ஏழு சொச்சம் என்றது, பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். நான் ஒன்றும் சொல்லக்கூடாது. "ரிப்போர்ட்டை இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிருங்கய்யா" என்று மட்டும் அழுத்திச் சொன்னேன். பிறகு மறு பரிசோதனைக்கு வந்தபோது அவரே சொன்னார்: பல வருடமாக மூலத்தில் ரத்தம் போயிருக்கிறது, அந்த அம்மா வீட்டில் ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை.

உங்கள் பயத்தை நியாயமாக வைக்க வேண்டிய இடம் அங்கேதான். நல்ல ரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். 12 மில்லி எடுத்தால் 6 மில்லிகிராம், ஒரே தடவை, அத்தோடு சரி. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் என்றாலும் சில நாளில் ஈடாகிவிடும். தினமும் இரண்டு டீஸ்பூன் கசிந்தால் நாளுக்கு 5 மில்லிகிராம் போகிறது, வரவு அதற்கு ஈடுகொடுப்பதில்லை. மஜ்ஜை எவ்வளவு வேகமாக வேலை பார்த்தாலும் இரும்பு இல்லாமல் ஹீமோகுளோபினை எதை வைத்துச் செய்யும்? மாதவிடாயில் அதிகம் போகிற பெண்களுக்கும் இதே கதைதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதைப் பற்றிக் கவலைப்படாத குடும்பங்கள் என் டியூபைப் பற்றிக் கவலைப்படுகின்றன.

ஆரம்பித்ததுதான் ஆரம்பித்தேன், இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் "நார்மலாம்மா?" என்று கேட்பார்கள். சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. சொல்லாவிட்டால் "திமிரப் பாரு". சொன்னால் வேலை போகும். மூன்று மாத சுகர் (எச்பிஏ1சி) 9 என்று, அதாவது ரொம்ப அதிகமாக, வந்திருக்கும். சிவப்பணு வாழ்கிற நாளெல்லாம் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வருகிற சர்க்கரை அது, நேற்று மட்டும் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. ஆனாலும் "உங்க மெஷின் சரியில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த லேபுக்குப் போவார்கள். சம்பளத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

விதிவிலக்குகளை மறைக்கவில்லை. பிறந்த குழந்தைக்கு மொத்தமே கால் லிட்டர் அளவு ரத்தம்தான், அதனால் குதிகாலில் குத்திச் சொட்டுக் கணக்கில் எடுக்கிறோம். ஐசியுவில் தினமும் பல தடவை எடுக்கும்போது அதுவே சேர்ந்து ரத்தசோகையைக் கூட்டும், அங்கே டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு, ரத்தம் செய்யச் சொல்லி மஜ்ஜைக்கு உத்தரவு அனுப்பும் ஹார்மோன் குறைந்துவிடும், அவர்கள் கணக்கே வேறு. உங்கள் கேள்வி இவர்களைப் பற்றி இல்லை என்று எடுத்துக்கொண்டுதான் எழுதினேன்.

அடுத்த முறை போகும்போது வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கச் சொல்லுங்கள். வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், அதனால்தான் ரத்தக்குழாய் கிடைக்காமல் இரண்டு தடவை குத்துகிறோம். முடிந்ததும் கையை மடக்காமல் நீட்டி வைத்து, பஞ்சை சில நிமிடம் நன்றாக அமுக்கச் சொல்லுங்கள். மடக்கினால் உள்ளே ரத்தம் கசிந்து கன்றிப்போகும், மறுநாள் அதையும் போட்டோ எடுத்து எங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்கள்.